நோயாளிக்காக ஜெபிக்கப் போகிறவருக்கு: அழைப்பு வந்ததிலிருந்து அடுத்த சந்திப்பு வரை

சபையின் ஜெபக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நோயாளியைப் பார்க்கப் போகும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று பல வருடங்களாகப் பக்கத்தில் இருந்து பார்த்துவருகிறேன். ஜெபிக்கத் தெரியாமல் தடுமாறுகிறவர் குறைவு. பெரும்பாலும் வரிசைதான் தவறுகிறது. கேட்க வேண்டிய நேரத்தில் ஜெபிக்கிறார்கள், ஜெபிக்க வேண்டிய நேரத்தில் பிரசங்கம் செய்கிறார்கள், கிளம்ப வேண்டிய நேரத்தில் மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்கிறார்கள். அதனால் எதற்கு அப்புறம் எது என்பதை, காரணத்தோடு எழுதியிருக்கிறேன். வீட்டிலோ மருத்துவமனையிலோ படுத்திருக்கும் ஒருவரைச் சந்தித்து ஜெபிப்பதற்கான முறை இது.

1. உங்கள் வேலை எது என்று முதலில் தெளிவாகுங்கள்

நோயாளிக்கு மருத்துவர் இருக்கிறார், வீட்டார் இருக்கிறார்கள், சபையில் போதகர் இருக்கிறார். இவர்களில் யாருடைய இடத்துக்கும் நீங்கள் போகவில்லை. நோயாளியோடு சேர்ந்து நின்று, அவர் கேட்பதைக் கடவுளிடம் கேட்கப் போகிறீர்கள்.

குணமாக்குவது உங்கள் பொறுப்பு என்ற நினைப்போடு போனால் உடனே பலன் தெரிய வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். பலன் தெரியாதபோது பழியை எங்காவது போட வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் நோயாளியின் விசுவாசத்தின் மேல்தான் விழும். படுத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய பாரம் கிடையாது.

மருத்துவம் பார்ப்பது அவிசுவாசம் என்று யாராவது வாதாடினால் தயங்காமல் வேதத்தை எடுத்துக் காட்டுங்கள். சாகும் நிலையில் இருந்த எசேக்கியா ராஜா ஜெபித்தான், கடவுள் ஆயுளைக் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்தில் பிளவையின் மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா (ஏசாயா 38:21). பவுலோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14).

2. அழைத்தது யார் என்று கேளுங்கள்

யாக்கோபு 5:14-இல் வியாதிப்பட்டவர்தான் மூப்பர்களை வரவழைக்கிறார். நடைமுறையில் போன் வருவது மாமியாரிடமிருந்தோ பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்தோ இருக்கும். அப்போது ஒரே கேள்வி: “நாங்க வர்றது அவங்களுக்குத் தெரியுமா? அவங்களுக்குச் சம்மதமா?” தெரியாது என்றால், கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் வீட்டிலிருந்தே ஜெபியுங்கள். படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதை மறக்காதீர்கள்.

நம் ஊரில் இந்து வீடுகளிலிருந்தும் முஸ்லிம் வீடுகளிலிருந்தும் ஜெபிக்க அழைப்பார்கள். போகலாம், போக வேண்டும். “இயேசுவின் பெயரில் ஜெபிப்போம், பரவாயில்லையா?” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் கட்டியிருக்கும் கயிறையோ நெற்றியிலுள்ள திருநீற்றையோ பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. சபைக்கு வரச் சொல்லி அழைக்கும் இடமும் அது இல்லை. வலியில் இருப்பவரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமாகாது.

போனிலேயே இன்னும் சில விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பார்வையாளரை விடுகிறார்களா, எந்த நேரம் நோயாளிக்குத் தெம்பாக இருக்கும், தொற்று ஏதும் உண்டா. நோயின் முழு விவரத்தையும் உறவினரிடம் கேட்கத் தேவையில்லை.

3. புறப்படும் முன்

இரண்டு பேராகப் போங்கள். சீஷர்களை இயேசு இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார் (மாற்கு 6:7). பெண் நோயாளி என்றால் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் பேசி ஜெபிக்கட்டும். மற்றவர் கவனிக்கட்டும்: நோயாளி சோர்கிறாரா, மூலையில் நின்று அழுகிற மனைவியிடம் யாராவது பேசினார்களா, நேரம் என்ன ஆச்சு. பத்துப் பேராகத் திரண்டு போவது அன்பினால்தான், ஆனால் நோயாளி விருந்தாளிகளைக் கவனிக்கிற நிலைக்கு வந்துவிடுவார்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். கீமோதெரபி எடுப்பவருக்கு உங்கள் சாதாரண ஜலதோஷமே ஆபத்தாகலாம். சென்ட் வேண்டாம், பூங்கொத்து வேண்டாம். கையில் ஒரு வேதாகமம், சின்னக் குப்பியில் எண்ணெய், கைகழுவும் திரவம், இவ்வளவு போதும். போனை அமைதியில் போடுங்கள். அதில் ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416 ஆகிய எண்கள் இருக்கட்டும்.

4. உள்ளே நுழைந்ததும்

வார்டு என்றால் முதலில் நர்ஸிடம் கேளுங்கள். மருந்து போடும் நேரம், டிரெஸ்ஸிங் மாற்றும் நேரம் என்றால் வெளியே காத்திருங்கள். கையைச் சுத்தம் செய்த பிறகு உள்ளே போங்கள்.

கட்டிலில் உட்காராதீர்கள். நாற்காலி இருந்தால் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், நீங்களும் எந்த நேரமும் கிளம்பப் போகிறவர் மாதிரித் தெரிவீர்கள். பெயரைச் சொல்லுங்கள். “ஒரு பத்து நிமிஷம் இருப்போம்மா” என்று நேரத்தையும் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் அவருக்கு நிம்மதி.

5. ஜெபிக்கும் முன் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டித்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். உள்ளே வந்ததும் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினால், உங்களுக்குத் தெரிந்த நோய்க்காகத்தான் ஜெபிப்பீர்கள். அவருக்கு இருக்கும் பயம் அதுவாக இருக்காது.

பர்திமேயு பார்வையில்லாதவன் என்பது பார்த்தாலே தெரியும். அப்படியிருந்தும் இயேசு, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடம் கேட்டார் (மாற்கு 10:51). நீங்களும் கேளுங்கள்: “அம்மா, இன்னைக்கு உங்களுக்காக எதைக் கேட்டு ஜெபிக்கணும்?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர நேரமாகும். அந்த அமைதியை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

வரும் பதில்கள் பல நேரம் நோயைப் பற்றியே இருக்காது. டயாலிசிஸ் எடுப்பவர் மகளின் கல்யாணக் கடனைச் சொல்வார். புற்றுநோய் வந்தவர் ராத்திரி இரண்டு மணி நேரம் தூக்கம் வந்தால் போதும் என்பார். அறுவைக்குக் காத்திருப்பவருக்கு மயக்க மருந்தைப் பற்றித்தான் பயம் இருக்கும். அவர் சொன்னதையே வைத்து ஜெபியுங்கள். தன் வார்த்தை ஜெபத்தில் திரும்ப வரும்போதுதான் அவர் உண்மையிலேயே கூட நிற்பார்.

ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான் வந்தது” என்று தொடங்கவே தொடங்காதீர்கள். அந்தக் கதை நன்றாக முடிந்திருந்தாலும் அது இவருடைய கதை இல்லை.

“நான் என்ன பாவம் செஞ்சேன்?” என்று கேட்பவர்கள் உண்டு. விளக்கம் சொல்ல முயலாதீர்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவனைப் பற்றிச் சீஷர்கள் இதையே கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றுதான் இயேசு சொன்னார் (யோவான் 9:3). முற்பிதாக்களின் சாபம், செய்வினை, வீட்டில் இருக்கும் பொருளால் வந்த கேடு என்று காரணம் தேடிக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். நோயோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

அவராகவே எதையாவது மனம்விட்டுச் சொல்ல விரும்பினால் வீட்டாரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்று பேசினால் அதை விசுவாசக் குறைவு என்று கண்டிக்காதீர்கள். அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடாமல், வீட்டாரிலோ மருத்துவமனையிலோ பொறுப்பான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். ரகசியம் காக்கும் விதி இந்த இடத்தில் பொருந்தாது.

6. வசனம் ஒன்று போதும்

ஒரே ஒரு பகுதி, மெதுவாக. சங்கீதம் 23, 121 இரண்டும் எப்போதும் கைகொடுக்கும். மனம் கசந்திருப்பவருக்கு 13-ஆம் சங்கீதம் நல்லது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே கேட்கலாம் என்று அது அனுமதி கொடுக்கிறது.

தழும்புகளால் குணமானோம் என்ற வசனத்தைப் புதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். அது எனக்குப் பிரியமான வசனம்தான். ஆனால் நோயாளியையே வாய்விட்டு அறிக்கையிட வைக்கும்போது, வலி குறையாதவர் தான் ஏதோ தேர்வில் தோற்றதாக நினைக்கிறார். அவராகக் கேட்டால் வாசியுங்கள்.

7. கை வைப்பதும் எண்ணெய் பூசுவதும்

ஒவ்வொரு முறையும் கேட்ட பிறகே தொடுங்கள்: “கைய வச்சு ஜெபிக்கலாமா?” போன வாரம் சரி என்றவர் இன்று வேண்டாம் என்னலாம். தோளிலோ புறங்கையிலோ லேசாக வைத்தால் போதும். கட்டி இருக்கும் இடம், வயிறு, மார்பு இவற்றில் கை வைக்கவே கூடாது. தலையை அழுத்துவது, அசைப்பது, பின்னால் தள்ளுவது எதுவும் வேண்டாம். கழுத்தெலும்பில் அடிபட்டவருக்கும் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தவருக்கும் சின்ன அழுத்தமே கேடு செய்யும்.

எண்ணெய் ஒரு துளி, நெற்றியில். ஒலிவ எண்ணெய் கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெய் போதும், வல்லமை எண்ணெயில் இல்லை. புண்ணிலும், தையலிலும், கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்த தோலிலும் பூசக் கூடாது. குடிக்கக் கொடுக்கக் கூடாது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் முகத்தில் எண்ணெயே வேண்டாம், மெழுகுவர்த்தியும் ஏற்றாதீர்கள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசை சுலபமாகத் தீப்பிடிக்கும். அப்போது கையில் பூசுங்கள்.

கத்தோலிக்க வீடு என்றால் நோயில்பூசுதல் குருவானவர் மட்டுமே தரும் அருட்சாதனம். நீங்கள் எண்ணெயை எடுக்காமல், பங்குத்தந்தைக்குச் சொல்லியாச்சா என்று கேளுங்கள்.

8. ஜெபம்

இரண்டு மூன்று நிமிடம். அவர் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். அவர் கேட்டதைக் கேளுங்கள். இப்போது இருக்கும் வலிக்காக, மருத்துவர்கள் நர்ஸ்கள் கைக்காக, சாப்பிடும் மருந்து வேலை செய்வதற்காக, பார்த்துக்கொள்கிறவர் தெம்புக்காக ஜெபியுங்கள். மருத்துவரையும் மருந்தையும் ஜெபத்தில் பெயர் சொல்லிச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஜெபிக்கிறவரே மாத்திரைக்காக ஜெபித்ததைக் கேட்ட வீட்டில், மாத்திரையை நிறுத்தலாமா என்ற பேச்சு எழுவது குறையும்.

குரலைத் தாழ்த்துங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளிதான். கட்டளையிட்டு அதட்டுகிற ஜெபம் வார்டில் வேண்டாம். வீட்டாருக்குச் சொல்ல நினைப்பதை ஜெபத்தில் நுழைக்காதீர்கள்: “இந்த மகன் குடியை விடணும் ஆண்டவரே” என்றால் அது மகனை எல்லோர் முன்னாலும் நிறுத்துவதாகும். மூன்று நாளில் எழும்புவார், அறுவையே தேவைப்படாது என்று நாள் குறிக்கவும் கூடாது. தன் உடம்பில் இருந்த ‘முள்’ என்ற வேதனை நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12:7-9). அவருக்கு இல்லாத உத்தரவாதம் நமக்கு எங்கிருந்து வரும்?

ஜெபம் நோயாளிக்குப் பாரமாகவும் ஆகலாம் என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. தமக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கப்படலாம், ஜெபிக்கப்படாமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், உண்மையில் ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52, ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51. இது தற்செயலாக இருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் இதைப் படித்து ஜெபிப்பதை விடவில்லை. ஆனால் ஜெபம் என்றதும் ‘என் நிலைமை அவ்வளவு மோசமா’ என்று ஒருவர் பயப்படக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆமென் சொன்ன பிறகு “இப்ப எப்படி இருக்கு? வலி போச்சா?” என்று கேட்காதீர்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே பரவாயில்லை என்பார். அடுத்த நிமிடம் மருந்து கேட்கத் தயங்குவார். கொஞ்சம் அமைதியாக இருங்கள். அப்புறம் கிளம்புங்கள்.

9. மருந்து, உபவாசம் பற்றிய பேச்சு வரும்போது

வாசலில் நின்று செருப்பைப் போடும்போதுதான் இது வரும்: “மாத்திரையை நிறுத்திடலாமா பிரதர்?” பதில் எப்போதும் ஒன்றே. மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. விசுவாசத்தோடு சேர்த்தே சாப்பிடுங்கள்.

காரணம் தெரிந்தால் உறுதியாகச் சொல்லலாம். சிறு வயதிலேயே வரக்கூடிய முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாத சிகிச்சை. உடம்பு தேறியதும் நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகத் திரும்பலாம், வீட்டாருக்கும் பரவலாம்.

டெங்குவில் இன்னும் கவனம் வேண்டும். மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விடும். ஜெபித்த நாளில் விட்டால் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

நோயாளியை உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். உபவாசம் வேண்டுமென்றால் நீங்கள் இருங்கள். ஜெபித்த தண்ணீர் என்று சொம்பு நிறையக் கொடுப்பதும் டயாலிசிஸ் எடுப்பவருக்குக் கேடு, அவருக்குத் தண்ணீர் அளந்துதான்.

10. “பேய் பிடிச்சிருக்கு” என்று சொன்னால்

இந்த அழைப்புக்குத் தனியாகப் போகாதீர்கள், போதகரிடம் முதலில் சொல்லுங்கள். காதில் குரல் கேட்பது, வெறித்துப் பார்ப்பது, தூக்கமின்றி நாட்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பது, வலிப்பு, இவை எல்லாம் மருத்துவம் உள்ள நோய்களின் அறிகுறிகள். குறிப்பாகப் பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் ஒரு தாய் திடீரென மாறிப் பேசினால் அது அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து உண்டு.

அடிப்பது, கட்டி வைப்பது, முடியைப் பிடிப்பது, பட்டினி போடுவது எதையும் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. மனநோயாளிகளை அழைத்துப் போகிற ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் கோயிலிலும் இன்று வழிபாட்டோடு மனநல மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது. சபை மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்? நாமும் ஜெபித்துவிட்டு, மருத்துவமனைக்குக் கூடவே போகலாம்.

11. வெளியே வந்த பிறகு வாயும் போனும்

வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் பெயர், நோய், வார்டு எண் எல்லாம் போட்டு “ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பும் பழக்கம் நிறையக் கெடுதல் செய்திருக்கிறது. நோயாளி சொன்னால் மட்டும், அவர் சொல்லச் சொன்ன அளவு மட்டும் பகிருங்கள். எச்.ஐ.வி. பற்றி அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமே தடுக்கிறது. படுக்கையில் இருப்பவரைப் படம் எடுக்க வேண்டாம்.

காணிக்கை கொடுத்தால் வாங்காதீர்கள். “சபைக்கு வரும்போது போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். ஜெபத்துக்குக் கூலி என்ற எண்ணம் ஒரு முறை வந்துவிட்டால், அடுத்த முறை பணமில்லாதவர் கூப்பிடத் தயங்குவார்.

12. சாட்சி சொல்வதற்கு முன்

உடம்பு தேறினால் அந்தச் சந்தோஷத்தைச் சபையில் சொல்ல ஆசையாக இருக்கும். பொறுங்கள். குணமான குஷ்டரோகியை, போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றார் இயேசு (மத்தேயு 8:4). அந்தக் காலத்தில் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டியவர் அவர். இன்று அது மருத்துவர். பரிசோதனை முடியட்டும், நோயாளியும் விரும்பட்டும், அப்புறம் அவரே பேசட்டும்.

புற்றுநோய் குணமாகும், சர்க்கரை நோய் நீங்கும் என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். மந்திரம், தாயத்து போன்றவற்றால் இந்த நோய்கள் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டம் குற்றமாக்குகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு கடன் வாங்கி பஸ் ஏறி வருகிறவரை நினைத்துப் பாருங்கள்.

13. அடுத்த சந்திப்பு

மீண்டும் வருவதாகச் சொன்னால் நாளைச் சொல்லுங்கள், அந்த நாளில் போங்கள். உங்களால் முடியாவிட்டால் யார் வருவார் என்று பெயரைச் சொல்லுங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று பேருக்கு மேல் சந்திக்க ஒத்துக்கொள்ளாதீர்கள், கடைசியாகப் பார்ப்பவருக்குக் காது கொடுக்க உங்களிடம் தெம்பு இருக்காது.

குணமாகாதபோதுதான் பலர் போவதை நிறுத்துகிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாததே காரணம். எதுவும் சொல்ல வேண்டாம், போனால் போதும். மருத்துவர்கள் இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றால் ஜெபத்தையும் மாற்றுங்கள்: வலியில்லாமல் இருக்க, பார்க்க விரும்புகிறவர்கள் வந்து சேர, பயமில்லாமல் போக. வலிக்கு ‘மார்பின்’ (morphine) என்ற மருந்து கொடுத்தால் அதைத் தடுக்காதீர்கள், அதற்காகவும் நன்றி சொல்லி ஜெபியுங்கள்.

இறந்துவிட்டால் அடக்கத்துக்கு எல்லோரும் வருவார்கள். நீங்கள் மூன்று வாரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு, பார்த்துக்கொண்டிருந்தவரைப் போய்ப் பாருங்கள். மாதக்கணக்கில் தூங்காமல் இருந்தவர் அவர்தான். அவரிடமும் முதலில் கேளுங்கள், எதைக் கேட்டு ஜெபிக்கணும் என்று.